ஐந்தரை வருஷம் தாங்குகிற போன்

மணி ஒன்பது நாற்பத்தொன்றுக்கு நித்திலாவின் எண் நின்றுபோயிற்று. நூற்று இருபத்தெட்டு, பக்கத்தில் ஏறாமல் இறங்காமல் படுத்திருக்கும் ஓர் அம்புக்குறி, அதோடு சரி. நிற்கும் என்று சென்னியப்பனுக்குத் தெரியாதா என்ன? ஒரு வாரமாகவே தெரியும். பிளஸ் டூ பரீட்சை, இன்றைக்கு வேதியியல், ஹாலுக்குள் யாருக்கும் போன் கிடையாது, சர்க்கரை நோய்ப் பிள்ளையாக இருந்தாலும் கிடையாது, தலைமையாசிரியை அறையில் அணைத்துக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், தண்ணீர் பாட்டிலும் ஒரு கண்ணாடிக் கவரில் ஆரஞ்சு மிட்டாயும் மட்டும் மேஜைமேல் இருக்கலாம் என்று அந்தம்மா முன்கூட்டியே சொல்லியிருந்தார். மகளின் இடது புஜத்தில் பத்து ரூபாய்க் காசு அளவுக்கு ஒட்டியிருக்கிற சென்சார் தன் பாட்டுக்குச் சர்க்கரையை அளந்துகொண்டுதான் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிச் சொல்ல அவள் பக்கத்தில் போன் இல்லை, அதனால் அப்பன் கையிலிருக்கிற போனுக்கும் எண் வராது, அவ்வளவுதான் விஷயம். எல்லாம் தெரியும். தெரிந்து என்ன செய்ய? "ஒண்ணே காலுக்கு முடியும்ப்பா, சும்மா இங்கியே நிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். போன பிறகு மனுசன் கேட்டுக்கு வெளியே அந்தப் பக்கம் நாலு நடை இந்தப் பக்கம் நாலு நடை நடந்தார். வாட்ச்மேன் அவரைப் பார்த்த பார்வை சரியில்லை. இன்னும் மூன்றரை மணி நேரம் இப்படி நடந்தால் தனக்கும் பைத்தியம் பிடிக்கும், அந்த வாட்ச்மேனுக்கும் பிடிக்கும் என்று தோன்றவே, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மேட்டூர் ரோட்டில் இருக்கிற போன் கடைக்கு வந்துவிட்டார். கடையில் அப்போதுதான் சாம்பிராணி போட்டிருந்தார்கள். ஸ்டூலில் உட்கார்ந்து மறுபடி போனை எடுத்துப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் அதே நூற்று இருபத்தெட்டு, அதற்குக் கீழே, தகவல் வரவில்லை, இருபத்திரண்டு நிமிடம் என்று இருந்தது.

அது அவருடைய போன் இல்லை, பெண்டாட்டி வசந்தாமணியுடையது. ரோஜாப்பூ போட்ட கவர், பின்னாடி ஒரு மோதிரம் மாதிரி பிடி, இவர் விரல் அதில் நுழையாது. இவருடைய போன் ஜனவரியிலிருந்து நித்திலாவிடம் இருக்கிறது. அது ஏன் அங்கே போனது என்பதை நினைக்கவே கூடாது என்றுதான் அவர் தினமும் நினைத்துக்கொள்வார். ஜூனில் பிள்ளை நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் சேரப்போகிறது. மார்க் வரும், வந்தே தீரும். ஹாஸ்டல். ஐந்தரை வருஷப் படிப்பு. அதற்கு ஒரு போன் வேண்டும், ஐந்தரை வருஷமும் கூடவே வருகிற போன், நடுவில் கையை விரித்துவிடாத போன். காமிரா கிடக்கட்டும், கலர் கிடக்கட்டும். "வாங்க சார், மறுபடியும் வந்துட்டீங்க" என்று சிரித்துக்கொண்டே வந்தது சட்டையில் ரெஜினா என்று பேட்ஜ் குத்தியிருந்த பெண். சும்மா சொல்லக் கூடாது, பொறுமையான பெண். மூன்று வாரத்தில் இது நாலாவது தடவை. முதல் தடவை வந்தபோது இவர் கேட்ட முதல் கேள்வியே, "ஏனுங்க அம்மிணி, இதுக்கு எக்ஸ்பைரி எப்போங்க?" என்பதுதான். அது திருதிருவென்று முழித்துவிட்டு, "போனுக்கு எக்ஸ்பைரியெல்லாம் கிடையாதுங்க சார், வாரண்டி ஒரு வருசம்" என்றது. "வாரண்டி வேறங்க. இந்தக் கம்பெனிக்காரன் இதுக்கு எத்தனை வருசம் சாஃப்ட்வேர் அனுப்புவான், என்னைக்கு நிறுத்துவான், அந்தத் தேதி. அதுவும் நான் வாங்குன நாள்ல இருந்து கணக்கா, அவன் சந்தையில விட்ட நாள்ல இருந்து கணக்கா?" ரெஜினா உள்ளே போய் மானேஜரைக் கேட்டு, மானேஜர் யாரையோ போனில் கேட்டு, பத்து நிமிடம் கழித்து வந்து, "சந்தையில விட்ட நாள்ல இருந்துதானாமுங்க" என்றது. அதானே! மாத்திரைக்கும் அதே கதைதானே! கடைக்காரன் வாங்கின நாளையா அட்டையில் அச்சடிக்கிறான்?

சென்னியப்பன் ஒரு மருந்து மொத்த வியாபாரக் கம்பெனியில் கோடவுன் பார்க்கிறார், இருபத்தாறு வருஷமாக. அவர் வேலை தேதி பார்ப்பது. பெட்டி வந்தால் தேதி, அடுக்கினால் தேதி, எடுத்தால் தேதி. சீக்கிரம் முடிகிற சரக்கை ஷார்ட் எக்ஸ்பைரி என்பார்கள், அதை எப்போதும் முன்வரிசையில் வைக்க வேண்டும், அதுதான் முதலில் வெளியே போக வேண்டும், புதுச்சரக்கு பின்னால் காத்திருக்க வேண்டும். இருபத்தாறு வருஷத்தில் அவர் கையில் ஒரு பெட்டி கெட்டுத் திரும்பி வந்தது என்று எவனும் சொல்ல முடியாது. நல்ல விஷயம்தான், கோடவுனோடு விட்டிருந்தால். மனுசன் வீட்டுக்கும் அதைக் கொண்டுவந்தார். சோப்பு, தேங்காய் எண்ணெய், மஞ்சள்தூள் எல்லாவற்றையும் திருப்பித் திருப்பித் தேதி பார்த்து அடுக்குவார், பழசு முன்னாடி, புதுசு பின்னாடி. புது பிஸ்கட் பாக்கெட் வாங்கி வந்தால் பழைய பாக்கெட் தீர்ந்த பிறகுதான் பிரிக்க வேண்டும், பழசு தீர்வதற்குள் புதுசு பழசாகியிருக்கும். அந்த வீட்டில் மொறுமொறுப்பான பிஸ்கட்டை யாரும் தின்றதே கிடையாது. "கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து நமுத்ததுதான் திங்கறேன்" என்று வசந்தாமணி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள், எல்லோரும் சிரிப்பார்கள், இவரும் சிரிப்பார். போன தீபாவளிக்கு போனஸில் புதுப் போன் ஒன்று வாங்கினார். கைகள் தாமாகவே வேலையைச் செய்தன. பழையது முன்னாடி. தன்னுடைய பழைய போனைத் துடைத்து, மகளின் உடைந்த போனுக்குப் பதிலாக அவளிடம் கொடுத்தார், "இது முடியட்டும் கண்ணு, அப்பறம் புதுசு உனக்குத்தான்" என்று. கொடுக்கும்போது அதில் ஓர் அறிவிப்பு வந்தது, அவர் படிக்கவும் படித்தார். இந்தக் கருவிக்கு இனிமேல் புதுப்பிப்புகள் வராது. படித்துவிட்டு என்ன நினைத்தார் என்பதுதான் இன்றைக்கும் நெஞ்சில் முள்ளாய் நிற்கிறது. மருந்துக் கோடவுனில் நிற்கிற எல்லோருக்கும் உள்ளுக்குள் தெரிந்த, வெளியே சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. தேதி முடிந்த மறுநாளே மாத்திரை விஷமாகிவிடாது, அட்டையில் போட்டதற்கு மேலும் ஆறு மாசம், ஒரு வருஷம் வேலை செய்யும், தேதி என்பது கம்பெனிக்காரன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போடுவது. அதையேதான் போனுக்கும் நினைத்தார். இன்னும் ஒரு வருஷம் ஓடும். ஓடவில்லை.

"சார், தண்ணி குடிக்கறீங்களா?" என்றது ரெஜினா. வேண்டாம் என்று தலையாட்டினார். மூன்று பெட்டிகளை எடுத்து வைத்திருந்தது, இந்த மூன்றில் ஒன்று என்று போன வாரமே முடிவாகியிருந்தது, முடிவாகாமலும் இருந்தது. சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். சென்சார் கம்பெனியின் ஆப் எந்தெந்தப் போனில் ஓடும் என்று அவர்களே போட்டிருந்த பட்டியல், கோடவுன் பிரின்டரில் எடுத்தது. அதே பையில் ஆரஞ்சு மிட்டாயும் கிடப்பதால் தாளின் ஓரம் பிசுபிசுவென்று ஒட்டியது. மிட்டாய் ஐந்து வருஷமாகக் கிடக்கிறது, அதாவது தேதி பார்த்து மாற்றி மாற்றிப் போடப்பட்டபடி கிடக்கிறது, நித்திலாவுக்கு எங்கேயாவது சர்க்கரை இறங்கிவிட்டால் கொடுப்பதற்கு. சரி, முதல் பெட்டி. பெரிய கம்பெனி, சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஏழு வருஷம் சாஃப்ட்வேர் தருகிறான். ஆனால் சந்தைக்கு வந்து இந்த ஜனவரியோடு இரண்டு வருஷம் ஆகிவிட்டது, மிச்சம் ஐந்து வருஷம்கூட இல்லை, படிப்பு தொடங்கவோ ஜூன் ஆகும். படிப்பு முடிவதற்குப் பதினோரு மாசம் முன்னாடியே இது முடிந்துவிடும். இரண்டாவது, சின்னக் கம்பெனி, இந்த ஜனவரியில் வந்தது, ஆறு வருஷம் என்கிறான். கணக்குப் போட்டால் படிப்பு முடிந்து ஒரு மாசம் மிச்சம், கச்சிதம். ஆனால் இவன் இதற்கு முன்னே மூன்று வருஷம் என்று சொல்லி இரண்டோடு நிறுத்தினானாம், யாரோ ஒருவர் வயிறெரிந்து எழுதியிருந்தார். மூன்றாவது போன வாரம்தான் வந்தது, ஏழு வருஷம், முழு ஏழு வருஷம், ஆனால் பட்டியலில் இல்லை. ரொம்பப் புதுசு. ஆப் கம்பெனிக்காரன் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை. பழசாகிப் போனாலும் ஓடாது, புதுசாக இருந்தாலும் ஓடாது, இது என்னடா கூத்து! கம்பெனியில் பில் போடுகிற ஜெகதீசன் ஒரு யோசனை சொன்னான். "அண்ணே, எதுக்குப் புதுசு? பழைய போன்லயே வேற சாஃப்ட்வேரை ஏத்தித் தர்றேன், ஓசிதான், உலகம் பூரா ஆளுக சேந்து எழுதறாங்க, கம்பெனிக்காரன் கைவிட்டாலும் அவங்க விட மாட்டாங்க." கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது! ஏற்றியும் கொடுத்தான். போன் குதிரை மாதிரி ஓடியது. சென்சார் ஆப்பை மட்டும் திறந்தால், இந்தக் கருவி மாற்றப்பட்டுள்ளது, பாதுகாப்புக் காரணமாக இயங்காது என்று மூடிக்கொண்டது. ஐரோப்பாவில் ஒருத்தன் போன் செய்கிறானாம், திருப்புளியால் நாமே கழற்றி மாட்டலாம், எட்டு வருஷம் அப்டேட், அதையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படித்தார். கடைசியில் பார்த்தால் இந்தியாவில் விற்பதில்லை. அன்றைக்கு அவருக்கு வந்த கோபத்தில் மத்தியானச் சோறு இறங்கவில்லை.

தகவல் வரவில்லை, இரண்டு மணி ஏழு நிமிடம். இந்த ஆப்புக்கு வேறு வேலையே இல்லையா, எவ்வளவு நேரமாக ஒன்றும் தெரியாது என்பதை மட்டும் எவ்வளவு கரெக்டாகச் சொல்கிறது! இப்போது அவள் எந்தக் கேள்வியில் இருப்பாள்? காலையில் இரண்டு இட்லிதான் தின்றாள், மூன்றாவது வேண்டாம் என்றாள், ஊசி மூன்று இட்லிக்கா போட்டாள், இரண்டுக்கா? கேட்டோமா? கேட்டோம். இரண்டுக்குத்தான் என்றாள். பதற்றத்தில் சர்க்கரை ஏறும் என்பார்கள், சிலருக்கு இறங்கும் என்பார்கள், டாக்டரே இரண்டும் சொன்னார், இரண்டும் சொல்வதற்கு எதற்கு டாக்டர்? எதிரே சுவரில் பெரிய திரையில் மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன, டிவி கலரைக் காட்டுவதற்காக ஓடவிட்டிருந்தார்கள், மஞ்சளும் நீலமுமாய் ஒரு மீன் அதே பாறையை மறுபடி மறுபடி சுற்றி வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் கையில் போன் திடீரென்று அலறியது. பள்ளிக்கூடம். விழுந்துவிட்டாள். எழுந்து நின்றே விட்டார், ஸ்டூல் சாய்ந்தது. "வசந்தா, ஏன்டி, சாம்பார்ப் பொடிக்கு கடலைப்பருப்பு வறுத்துப் போடறதா, வறுக்காமப் போடறதா?" என்றது போன். வசந்தாமணியின் அக்கா, அந்தியூரிலிருந்து. "நான் சென்னியப்பன் பேசறனுங்க." "அட, மாப்ளையா! போன் உங்க கைலயா இருக்குது? பாப்பாவுக்குப் பரீட்சை ஆச்சே, நல்லா எழுதறாளா?" அவள் நன்றாக எழுதுகிறாளா என்றுதான் இரண்டு மணி நேரமாக இவருக்குத் தெரியவில்லை, அதை இந்த அக்காவிடம் எப்படிச் சொல்வது? "எழுதறாளுங்க. வறுத்தே போடுங்க" என்று சொல்லி வைத்தார். மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. ரெஜினா வந்து ஸ்டூலை நிமிர்த்தி வைத்துவிட்டு, ஒரு தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிற்று.

நினைக்கக் கூடாது என்றால் விடுமா? ஜனவரியில் அந்த வியாழக்கிழமை. கோடவுன் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார், ஜெகதீசனும் இருந்தான். போனை எடுத்துப் பார்த்தார், நூற்று நாற்பத்திரண்டு. "பாத்தியா ஜெகா, பாப்பா எப்படி வெச்சிருக்குது பாரு, நூத்தி நாப்பத்திரண்டு" என்று பெருமையாகக் காட்டினார். அதற்கு முன்னால் பார்த்தபோதும் நூற்று நாற்பத்திரண்டு. அதற்கு முன்னாலும். மனுசனுக்கு உறைத்ததா? உறைக்கவில்லை. நல்ல எண், எவன் கேள்வி கேட்பான்? மகளிடம் இருந்த அந்தப் பழைய போனில் ஆப் சென்சாரைக் கேட்பதை நிறுத்தி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது, கடைசியாக வாங்கிய எண்ணை முகப்பில் அப்படியே ஒட்டி வைத்து, அதையே புதுசு போல இவர் போனுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. அதே நேரம் பள்ளிக்கூடத்தில், வேதியியல் லேபில், நித்திலாவுக்கு உதடு மரத்தது, வியர்த்தது, பக்கத்துப் பெண்ணிடம் "ஒரு மாதிரி இருக்குதுடி" என்றாள். போனை எடுத்துப் பார்த்தாள், நூற்று நாற்பத்திரண்டு. சரி, சர்க்கரை நன்றாகத்தான் இருக்கிறது, இது வேறு எதுவோ என்று போனைப் பையில் போட்டாள். அப்புறம் விழுந்தாள். அந்த லேப் மிஸ் நல்ல பெண், வாயோரம் தேனைத் தடவிக்கொண்டே ஆட்டோவில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோயிருந்தார். இவர் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது கண் திறந்திருந்தாள், முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது, மேல் உதட்டில் தேன் ஒட்டியிருந்தது. அவள் சொன்ன முதல் வார்த்தை, "போன்ல நூத்தி நாப்பத்திரண்டு இருந்துச்சுப்பா, அதான் மிட்டாய் திங்கல." திட்டுவார் என்று பயந்து சொன்னாள்! தான் தப்புச் செய்யவில்லை என்று சாட்சி சொல்கிற குரலில் சொன்னாள். அந்தக் குரல்தான் அவரைத் தூங்கவிடாமல் செய்கிறது. போனைக் கொடுத்தது மட்டும் என்றால் மாற்றிக் கொடுத்தால் தீர்ந்தது, மாற்றியும் கொடுத்தாயிற்று, அன்றைக்கே தன் போனை அவளிடம் கொடுத்தாயிற்று. அந்தப் போனுக்கும் அடுத்த வருஷத்தோடு சாஃப்ட்வேர் முடிகிறது என்பது பிறகு தெரிந்தது. ஊரில் இருக்கிற மருந்துக்கெல்லாம் தேதி பார்க்கிற ஆள் தன் போனுக்குத் தேதி பார்க்காமல் வாங்கியிருக்கிறார்!

அவளுக்கு அப்படி ஒரு பழக்கத்தை யார் கற்றுக்கொடுத்தது? இவர்தான், வேறு யார்? பன்னிரண்டு வயதில் நோய் வந்தது. அப்போது அவளுக்கு மிட்டாய்க்கு ஏங்குகிற வயது. கை நடுங்குதுப்பா என்று வருவாள், சாக்லேட் கொடுப்பார்கள், விரலில் குத்திப் பார்த்தால் இருநூறு இருக்கும், கள்ளி. இரண்டு தடவை, மூன்று தடவை. டாக்டர் கோபித்துக்கொண்டார். அதற்குப் பிறகு இவர் ஒரு சட்டம் போட்டார். "ஒரு மாதிரி இருக்குது, நடுங்குது, அந்தக் கதையெல்லாம் எங்கிட்ட வேண்டாம். நம்பர் என்ன? நம்பரைச் சொல்லு." காலையில் எழுந்தால் நம்பர் என்ன, பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நம்பர் என்ன, சண்டை போட்டுக்கொண்டு மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தாலும், "ஏன் இப்படிப் பேசற, நம்பர் என்ன?" ஒருநாள் அழுதுகொண்டே சொன்னாள், "எனக்குக் கோவம் வந்தாக்கூட நம்பர்தானாப்பா?" அன்றைக்கு வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். சென்சார் வந்த பிறகு கேட்கவே வேண்டாம், அவள் வாயைத் திறக்குமுன் அவர் போனுக்கு எண் வந்துவிடும், அவளைப் பார்க்காமல் போனைப் பார்த்தே பேச ஆரம்பித்தார். ஐந்து வருஷம் சொல்லிச் சொல்லி, அவள் உடம்பு சொல்வதை அவளே நம்பாதபடி பண்ணிவிட்டு, இப்போது ஐந்தரை வருஷம் தாங்குகிற போனைத் தேடுகிறார். இப்போது அந்த ஹாலில் அவளுக்கு நடுங்கினால்? போன் இல்லை. நம்பர் இல்லை. யாரைக் கேட்பாள்? எழுதிக்கொண்டே இருப்பாளா, நம்பர் தெரியாமல் எப்படித் தின்பது என்று? அடக் கடவுளே, ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாமே, உனக்குத் தோணினால் தின்று விடு கண்ணு, அப்பனைக் கேட்காதே என்று. வாசலில் நின்று என்ன சொன்னார்? "பேனா ரெண்டு வெச்சிருக்கறயா" என்று கேட்டார்.

பன்னிரண்டரை. மீன் இன்னும் அந்தப் பாறையைச் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டாவது பெட்டியை எடுத்தார், வைத்தார். முதல் பெட்டியை எடுத்தார். பதினோரு மாசம். அந்தப் பதினோரு மாசத்தில் எந்த வியாழக்கிழமை? ஒருநாள் சாயங்காலம் நாமக்கல்லில் ஏதாவது ஒரு மாட்டுக் கொட்டகையில் நின்றுகொண்டிருப்பாள், போனில் நல்ல எண் ஒன்று அசையாமல் நிற்கும், ஈரோட்டில் அதையே பார்த்து இவர் டீ குடித்துக்கொண்டிருப்பார். வேண்டாம். சின்னக் கம்பெனி. ஆனால் அவன் பாதியில் விட்டுவிட்டுப் போனால்? "சார், தப்பா நெனைக்காதீங்க," என்றது ரெஜினா மெதுவாக, "எதை எடுத்தாலும் நடுவுல மாத்த வேண்டி வரலாமுங்க. தண்ணில விழலாம், தொலைஞ்சு போலாம்." "தெரியுமுங்க அம்மிணி" என்றார். தெரியாது, அதை அவர் நினைத்தே பார்த்திருக்கவில்லை, இப்போது அதுவும் சேர்ந்துகொண்டது. ஒன்று பத்துக்குக் கடைக்கு வெளியே போய் நின்றார். வெயில் கொளுத்தியது. ஒன்று பதினைந்து. ஒன்று பதினேழு. பேப்பரைக் கட்டி வாங்க நேரமாகும். ஒன்று இருபது. தலைமையாசிரியை அறை மாடியில், எல்லாப் பிள்ளைகளும் படியில் நெரிப்பார்கள். ஒன்று இருபத்து மூன்றுக்குப் போன் அடித்தது, இந்தத் தடவை அந்தியூர் அக்கா இல்லை.

"அப்பா!" என்றாள். மூச்சு வாங்கியது, பின்னால் ஒரே இரைச்சல். "நல்லா எழுதியிருக்கேன்ப்பா. அஞ்சு மார்க்குல ஒண்ணு மட்டும் சொதப்பிட்டேன், பரவால்ல." அவர் வாய் அதன் பாட்டுக்கு, "நம்பர் என்ன?" என்றது. "இப்பத்தான் ஆன் பண்ணேன், இன்னும் வரலப்பா. நடுவுல லோ ஆயிருச்சு." "லோவா? எத்தனைக்குப் போச்சு?" "தெரியாதுப்பா, போன்தான் இல்லையே. உதடு மரத்துச்சு, எழுத்து கோணக்கோணயா போச்சு. சரி, லோதான்னுட்டு மூணு மிட்டாய் தின்னேன். பத்து நிமிசம் பேனாவை வெச்சுட்டு சும்மா உக்காந்திருந்தேன். சூப்பர்வைசர் வந்து என்னம்மா எழுதலையான்னாரு, சுகர் சார், இறங்கிருச்சு, இதோ ஏறிரும்னேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரிப்பு வேறு! காதிலிருந்து எடுத்துப் போனைப் பார்த்தார். சென்சார் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் ஒரே மூச்சில் அனுப்பிக்கொண்டிருந்தது, வெறுமையாய்க் கிடந்த மூன்றரை மணி நேரம் இடமிருந்து வலமாய்ப் புள்ளி புள்ளியாக நிரம்பியது. நூற்று இருபது. நூறு. எண்பத்தொன்று. பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு அறுபத்து மூன்று. கடலைப்பருப்பு வறுத்தா வறுக்காமலா என்று இவர் பேசிக்கொண்டிருந்த நிமிடம் அது. அதற்கப்புறம் கோடு திரும்பியிருந்தது. எழுபது, எண்பத்தெட்டு, நூற்று நாலு. இறங்கி, திரும்பி, ஏறிவிட்டிருந்தது, யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. சென்னியப்பனுக்குக் கண் மறைத்தது. நடுரோட்டில் ஆள் நடமாடுகிற இடம் என்று கடைக்குள் திரும்பினார்.

"அப்பா, இருக்கீங்களா? போன் வாங்கிட்டீங்களா, இல்ல இன்னைக்கும் சும்மாதானா?" "ரெண்டு இருக்குது கண்ணு. ஒருத்தன் நல்ல கம்பெனி, ஆனா நீ படிச்சு முடிக்கறதுக்குப் பதினோரு மாசம் இருக்கறப்பவே அவன் சாஃப்ட்வேர நிறுத்திருவான். இன்னொருத்தன்..." "நிறுத்துனா நிறுத்தட்டும்ப்பா, அப்ப நான் வேற வாங்கிக்கறேன்." "எப்படி வாங்குவ?" "ஏன், அப்ப எனக்கு இருபத்திரண்டு, இருபத்தி மூணு வயசு ஆயிருக்கும்ல? கடைசி வருசம் சம்பளம் மாதிரி கொடுப்பாங்கப்பா, ஹவுஸ் சர்ஜனுக்கு. அந்தப் பதினோரு மாசத்தை நான் பாத்துக்கறேன், விடுங்க." இருபத்து மூன்று. மூன்று வாரமாக மாசத்தைக் கூட்டிக் கழித்தவர், ஒவ்வொரு பெட்டிக்கும் வயது பார்த்தவர், ஐந்தரை வருஷம் கழித்தும் அந்த மாட்டுக் கொட்டகையில் பள்ளிக்கூட யூனிபாரத்தில் ஒரு பிள்ளையைத்தான் நிற்க வைத்திருந்தார். ரெஜினாவைப் பார்த்து முதல் பெட்டியைக் காட்டித் தலையசைத்தார். அதற்கு நம்பிக்கை வரவில்லை. "நெசமாவா சார்?" என்றது. "நெசமாத்தானுங்க." "ஆன் பண்ணி செட் பண்ணித் தந்தரட்டுங்களா? உங்களுக்கு நம்பர் வர்ற மாதிரி போட்டுத் தரச் சொல்லி அன்னைக்குக் கேட்டீங்களே?" சென்னியப்பன் பெட்டிமேல் கையை வைத்தார். "வேண்டாம் அம்மிணி, பிரிக்காதீங்க. அவ வந்து பிரிக்கட்டும். எனக்கு வரோணுமா வேண்டாமான்னு அவளே போட்டுக்குவா." சொல்லிவிட்டாரே தவிர, வீட்டுக்குப் போவதற்குள் மனசு மாறிவிடுமோ என்று பயமாக இருந்தது.

"அப்பா" என்றாள் நித்திலா போனில், இன்னும் வைக்கவில்லை. "குரல் ஏன் இப்படி இருக்குது? காலைல இருந்து எதுவும் சாப்பிடலதானே நீங்க?" "சாப்பிட்டனே, இட்லி..." "பொய் சொல்லாதீங்க. நடுங்குது. எனக்குத் தெரியாதா? சட்டைப் பைல மிட்டாய் இருக்கும்ல, எடுத்து வாயில போடுங்க." "அது உனக்கு வெச்சிருக்கறது சாமி." "எனக்குத்தான் எங்கிட்டயே இருக்குதே. போடுங்க மொதல்ல." பையில் கையை விட்டார். பட்டியல் தாளோடு ஒட்டிக்கொண்டு வந்தது மிட்டாய், பிரித்தெடுத்து, தாளைக் கவுண்டரில் விட்டுவிட்டு, பழக்கத்தில் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார், தேதி எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. வாயில் போட்டார். ஐந்து வருஷமாகப் பையில் சுமந்ததின் ருசி அவருக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது, புளிப்பும் இனிப்புமாக இருந்தது. "போட்டாச்சா?" "போட்டாச்சு." "ஒண்ணு பத்தாது, இன்னொண்ணும் போடுங்க. போட்டுட்டு அஞ்சு நிமிசம் உக்காந்துட்டு மெதுவா வாங்க, நான் வாசல்லயே நிக்கறேன்" என்றாள். நம்பர் என்ன என்று அவள் கேட்கவில்லை. சென்னியப்பன் இன்னொரு மிட்டாயையும் வாயில் போட்டுக்கொண்டு, அவள் சொன்னபடி ஸ்டூலில் உட்கார்ந்தார்.